சேலத்தில் ஐந்து பேர் உள்ள குடும்பத்தின் சாப்பாட்டுச் செலவை எப்படிக் குறைப்பது?

கேள்வி: சூரமங்கலம் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். சூரமங்கலத்தில் வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். நானும் கணவரும், எட்டாம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் படிக்கும் பிள்ளைகள் இருவரும், சர்க்கரை நோய்க்கு மருந்து எடுத்துக்கொள்ளும் மாமியாருமாக வீட்டில் ஐந்து பேர். எனக்கும் கணவருக்கும் மாதச் சம்பளம். நான் தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன். வாடகை, பள்ளிக் கட்டணம், மருந்து ஆகியவற்றில் நாங்களாகக் குறைக்க ஒன்றுமில்லை என்பதால், கைவைக்க முடிந்தது சாப்பாட்டுச் செலவு ஒன்றில்தான். பால், சமையல் எரிவாயு உட்பட அது இப்போது மாதம் 16,000 ரூபாயைத் தொட்டுவிடுகிறது.

செலவை எழுதிவைத்துப் பார்த்ததில், மாதத் தொடக்கத்தில் அங்காடியில் வாங்கும் மளிகை மொத்தத்தில் பாதிக்குச் சற்றுக் கூடுதல்தான் என்பதும், மீதியெல்லாம் தெருமுனைக் கடையில் அவ்வப்போது வாங்கும் கால் லிட்டர் எண்ணெய், இட்லி மாவுப் பாக்கெட், அரைக் கிலோ தக்காளி, பிள்ளைகளின் தின்பண்டம் ஆகியவற்றில் கரைந்துபோகிறது என்பதும் தெரியவந்தது. செவ்வாய்ப்பேட்டைக்குச் சென்று மொத்தமாக வாங்குவது கட்டுப்படியாகுமா? ரேஷன் அரிசியைச் சாப்பாட்டுக்கே பயன்படுத்தலாமா? உழவர் சந்தை வீட்டுக்கு அருகிலேயே இருந்தும், வேலை நாள்களில் காலையில் போக இயலவில்லை. வாரம் ஒருமுறை போனால் பயன் உண்டா? பிள்ளைகளின் பாலையும் முட்டையையும் குறைக்க எனக்கு மனமில்லை. அதைத் தவிர வேறு எந்த யோசனையானாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

பதில்: செவ்வாய்ப்பேட்டை, ஓய்வுபெற்ற மண்டிக் கணக்கர்

அம்மா, வணக்கம். செவ்வாய்ப்பேட்டையிலும் லீ பஜாரிலும் மளிகை மண்டிகளில் கணக்கெழுதியே என் உத்தியோக காலம் கழிந்தது என்பதால், எனக்குத் தெரிந்த மண்டி விவரத்தை மட்டும் சொல்கிறேன்.

எல்லாப் பொருளுக்கும் செவ்வாய்ப்பேட்டை கட்டுப்படியாகாது. சோப்பு, தேயிலை, பிஸ்கட் போன்ற கம்பெனிப் பொருள்களை நீங்கள் வழக்கமாக வாங்கும் அங்காடியே சில மாதங்களில் மலிவாகத் தரும். அரிசி, பருப்பு வகைகள், புளி, வற்றல் மிளகாய், மல்லி, வெல்லம் ஆகியவற்றில்தான் மண்டி கைகொடுக்கும். அதற்கு ஒரு காரணம் வரி. 2022 ஜூலை முதல் 25 கிலோ வரையிலான, பெயர் அச்சிட்ட அரிசி, பருப்புப் பொட்டலங்களுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது. மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துத் தரும் சரக்குக்கு அந்த வரி கிடையாது. ஆலைக்காரர்கள் 25 கிலோ சிப்பத்தை விட்டுவிட்டு 26 கிலோ சிப்பம் போடத் தொடங்கியதும் இதனால்தான். ஆகவே ஒரே அரிசியை ஐந்து கிலோ, பத்து கிலோ பைகளில் வாங்குகிறவர் வரியையும் பைக்கூலியையும் சேர்த்துக் கொடுக்கிறார்.

இதைவிடப் பெரிய காரணம் பருவம். துவரம் பருப்பு கர்நாடகத்தின் கலபுர்கிப் பக்கமிருந்து தை, மாசி மாதங்களில் புதுச்சரக்காக இறங்கும். மல்லியும் விரலி மஞ்சளும் ஏறத்தாழ அதே சமயம் வரும். புளி மாசி, பங்குனியிலும், இராமநாதபுரத்துக் குண்டு மிளகாய் பங்குனி, சித்திரையிலும் வரத்தாகும். வரத்து மிகும் வாரங்களில் விலை இறங்குவதும், ஆடிக்குப் பிறகு ஏறுவதும், தீபாவளியை ஒட்டி மேலும் ஏறுவதும் நான் பேரேட்டில் ஆண்டுதோறும் எழுதிய கதை. வெல்லத்துக்கு மட்டும் இது தலைகீழ். பொங்கலுக்கு முன்பு ஏறி, பொங்கல் கழிந்ததும் இறங்கிவிடும். வெல்லம் வாங்கும்போது பளிச்சென்று வெளுத்த மஞ்சள் உருண்டையைத் தேடாதீர்கள். அந்த நிறத்துக்காகவே ரசாயனம் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். சற்றுக் கருத்த வெல்லமே நல்லது, பெரும்பாலும் விலையும் குறைவு.

அரிசியில் விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். புது அரிசி கிலோவுக்கு நான்கைந்து ரூபாய் குறைவாக இருக்கும். ஆனால் குழையும், சோறு காணாது. ஓராண்டு பழகிய அரிசி தண்ணீரை நன்றாக வாங்கி உதிரி உதிரியாக விரியும் என்பதால், புது அரிசி நான்கு பேருக்குக் காணும் அளவில் பழைய அரிசி ஐந்து பேருக்குக் காணும். கடையில் ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். இரண்டு மணிகளைப் பல்லில் கடித்தும் பாருங்கள். புது அரிசி மெதுவாக நசுங்கும், பழையது ‘டக்’கென்று முறியும். புளியிலும் அப்படியே. ஓடு நீக்கிய கொட்டைப்புளியில் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொட்டையே இருக்கும். கொட்டை எடுத்த புளியின் விலையோடு ஒப்பிடும்போது அதைக் கழித்துக்கொண்டு, உட்கார்ந்து கொட்டை தட்ட வீட்டில் ஆளும் பொழுதும் இருந்தால் மட்டும் கொட்டைப்புளி வாங்குங்கள்.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் செலவாகும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி என்பதால், பாமாயிலுக்கும் சூரியகாந்திக்கும் நம்மூர்ப் பருவக் கணக்கு செல்லாது. இவற்றை வாங்கிக் குவிப்பதில் லாபமில்லை. பாக்கெட்டின் அளவைத்தான் கவனிக்க வேண்டும். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம் எடை இருக்கும். அதே உயரத்தில், அதே அகலத்தில் 850 கிராம், 800 கிராம் பாக்கெட்டுகளும் அடுக்கில் இருக்கின்றன. ஒரு கிராம் அல்லது ஒரு மில்லி என்ன விலை என்பதைப் பொட்டலத்திலேயே அச்சிட வேண்டும் என்று விதி உள்ளது. கூட்டல் கழித்தல் இல்லாமல் அந்த ஒரு வரியை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

செக்குக் கடலை எண்ணெய் வாங்குவதாக இருந்தால் இந்தக் கணக்கையும் மனத்தில் வையுங்கள். ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். அன்றைய பருப்பு விலையோடு அரைக்கூலியைக் கூட்டி, புண்ணாக்கு விற்கும் காசைக் கழித்தால் அடக்க விலை தெரிந்துவிடும். அந்த அடக்க விலைக்கும் கீழே ஒருவர் விற்றால், அது முழுக்கக் கடலை எண்ணெயாக இருக்க வழியில்லை.

போக்குவரத்துச் செலவைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டியதே இல்லை. சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் மகளிருக்குக் கட்டணம் கிடையாது. சுமைதான் சங்கடம் என்றால் மூன்று, நான்கு வீட்டார் சேர்ந்து ஒரே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம்.

பதில்: அம்மாப்பேட்டை, தறிக் குடும்பம்

சகோதரிக்கு வணக்கம். மண்டிக் கணக்கர் ஐயா சொன்ன விவரங்களை நான் மறுக்கவில்லை. ஆனால் வருஷத்துக்கான பருப்பையும் புளியையும் தை, மாசியிலேயே வாங்கி வைப்பது மொத்தப் பணம் கையில் புழங்குகிற வீடுகளுக்குத்தான் இயலும். எங்களைப் போல சனிக்கிழமைக் கூலியில் வாழ்கிறவர்களுக்கு அது ஏணி வைத்தாலும் எட்டாது. மாதச் சம்பளக்காரரான உங்களுக்கும், கடன் வாங்கியோ நகையை வைத்தோ மொத்தமாக வாங்கினால் வட்டி அந்த லாபத்தை விழுங்கிவிடும். ஆகையால் ரேஷனிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் யோசனை.

தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு அரிசி 2011 ஜூன் முதல் விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். இவை வெளியில் என்ன விலை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எங்கள் தெருவிலேயே பருப்பையும் எண்ணெயையும் மட்டும் வாங்கிக்கொண்டு அரிசியை விட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. வாங்கியதைக் கிலோ சில ரூபாய்க்குக் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு. அது எனக்கு மிகவும் வருத்தமளிக்கிறது.

ரேஷன் அரிசியைச் சாப்பாட்டுக்கே பயன்படுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் பயன்படுத்தலாம், ஒவ்வொரு முறையும் தரம் ஒரே மாதிரி இருக்காது என்பதுதான் குறை. வாங்கி வந்ததும் சொளகில் புடைத்து, வெயிலில் ஒரு நாள் உலர்த்தி வைத்தால் மூட்டை வாடை போய்விடும். கழுவும்போது சில மணிகள் மட்டும் மேலே மிதக்கும். அவற்றைப் பிளாஸ்டிக் அரிசி என்று எண்ணிப் பலர் ஊற்றிவிடுகிறார்கள். அவை செறிவூட்டிய மணிகள். அரிசி மாவோடு இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றைச் சேர்த்து அரிசி வடிவில் செய்து, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் கலக்கிறார்கள். வளரும் பிள்ளைகளும் முதியவரும் உள்ள வீட்டில் அந்த மணிகளை வீணாக்கக் கூடாது. சாப்பாட்டுக்குப் பிடிக்கவில்லை என்றால், புழுங்கல் அரிசியை இட்லி, தோசைக்கும், பச்சரிசியைப் புட்டு, ஆப்பம், கொழுக்கட்டைக்கும் ஒதுக்கிவிடுங்கள். இட்லிக்கென்று தனியாக அரிசி வாங்கும் செலவு அடியோடு நின்றுவிடும்.

மாவுப் பாக்கெட்டில் பணம் கரைகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான்கு பங்கு ரேஷன் புழுங்கல் அரிசிக்கு ஒரு பங்கு முழு உளுந்து போதும். உளுந்து புதிதாக இருந்தால் மாவு நன்றாக உபரி காணும். உளுந்தைத் தனியாக, குளிர்ந்த நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து, பந்துபோல் பொங்கி வரும்வரை ஆட்டுங்கள்; ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். ஞாயிறன்று ஒருமுறையும் வார நடுவில் ஒருமுறையும் ஆட்டிவிட்டால் கடை மாவைத் தொட வேண்டியதில்லை.

காய்கறிக்கு வாரம் ஒருமுறை உழவர் சந்தைக்குப் போனாலே கணிசமாக மிஞ்சும். அங்கே ஒவ்வொரு நாளும் காலையில் அதிகாரிகள் விலை நிர்ணயித்துப் பலகையில் எழுதுவார்கள். மொத்த விலைக்கு மேலும் சில்லறை விலைக்குக் கீழுமாக அது இருக்கும். எங்களுக்கு அம்மாப்பேட்டையிலும் உங்களுக்குச் சூரமங்கலத்திலும் சந்தை இருப்பது நம் பாக்கியம். கீரை, தக்காளி, வெண்டை ஆகியவற்றை மூன்று நாளுக்கு மட்டும் வாங்கி முதலில் சமைத்துவிட்டு, பூசணி, சேனை, கருணை, வாழைக்காய், முருங்கைக்காய், சின்ன வெங்காயம் ஆகியவற்றை வாரக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நம்மூர்க் கோடையில் கீரை ஒரு பகலுக்குள் சுருண்டுவிடும். காய் வாடி எறிந்தால் மலிவாக வாங்கியதில் பொருளே இல்லை.

தக்காளி விலை ஏறும்போதெல்லாம் நம் பெண்கள் தவித்துப்போகிறோம். அது மலிவாக இருக்கும் வாரத்தில் இரண்டு கிலோவைத் தொக்காகக் கிளறி வைத்துவிட்டால் விலையேற்றத்தின் முதல் இரண்டு வாரங்களைத் தாண்டிவிடலாம். சித்திரை, வைகாசிக் காற்றில் உதிரும் மாங்காய் சேலத்தில் மிக மலிவாகக் கிடைக்கும். அதைக் கீறி, உப்பிட்டு, வெயிலில் உலர்த்தி மாவற்றல் போட்டு வைத்தால் குழம்புக்கு அதுவே புளிப்பாகும், காயுமாகும்.

பிள்ளைகளின் முட்டையைக் குறைக்காதீர்கள் என்பதில் நான் உங்கள் பக்கம். பக்கத்திலேயே நாமக்கல் இருப்பதால், முப்பது முட்டை கொண்ட அட்டையாக வாங்கினால் சில்லறையைவிட விலை குறையும். ஒரு முட்டையில் ஏறத்தாழ ஆறு கிராம் புரதம் உண்டு. பருப்புச் செலவைக் குறைக்க வேண்டுமானால் வாரத்தில் இரண்டு நாள் துவரைக்குப் பதில் கொள்ளும் தட்டைப்பயறும் வையுங்கள். துவரையில் இருக்கும் 22 சதவீத அளவுக்குக் கொள்ளிலும் புரதம் இருக்கிறது. கொள்ளை முளைகட்டிக் கடைந்தால் என் பிள்ளைகள் மறு சோறு கேட்கிறார்கள். தின்பண்டத்துக்கு வறுத்த நிலக்கடலையும் பொட்டுக்கடலை உருண்டையும் இருந்தால் பத்து ரூபாய்ப் பாக்கெட்டை மறந்துவிடுவார்கள். முதல் இரண்டு வாரம் முகம் சுளிப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பதில்: ஏற்காடு, ஒண்டிக்கடைப் பகுதி

மேலே சொன்னவர்கள் எரிவாயுவைத் தொடவில்லை என்பதால் அதை எழுதுகிறேன். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கொதிக்கும் நீரின் சூடு குறைவு என்பதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வெகுநேரம் ஆகும். குக்கர் இல்லாமல் மலையில் குடித்தனம் நடத்துவது கடினம். அதனால் எரிவாயுவைச் சிக்கனமாகச் செலவழிப்பதை நாங்கள் கீழே உள்ளவர்களைவிட முன்பே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

குக்கருக்குள் சூடு ஏறத்தாழ 120 டிகிரியில் நின்றுவிடும். அதற்கு மேல் ஏறாதபடி வெயிட் ஆவியை வெளியே விட்டுவிடும். ஆகவே முதல் விசில் வந்த பிறகு அடுப்பைப் பெரிதாக எரிப்பதால் எதுவும் விரைவில் வேகாது, ஆவிதான் வீணாகும். தீயைச் சிம்மில் வைத்து நிமிடக் கணக்கு வையுங்கள். விசில் கணக்கு வேண்டாம். அரிசியை அரை மணி, துவரையை ஒரு மணி, கொள்ளு, கொண்டைக்கடலையை ஓர் இரவு ஊறவைத்தால் வேகும் நேரம் நன்றாகக் குறையும். சோறு, பருப்பு, காய் மூன்றையும் அடுக்குப் பாத்திரத்தில் ஒரே குக்கரில் வைத்து இறக்கும் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டால் ஓர் உருளை வழக்கத்தைவிடச் சில நாள்கள் கூடுதலாகவே ஓடும்.

காபி குடிக்கும் வீடாக இருந்தால் பொட்டலத்தின் பின்புறத்தைப் படியுங்கள். காபியோடு சிக்கரி கலந்த தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்றும், கலப்பு விகிதத்தை அச்சிட வேண்டும் என்றும் விதி இருக்கிறது. 53க்கு 47 என்று கலந்த தூளையும் 80க்கு 20 என்று கலந்த தூளையும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மிளகு தை, மாசியில் இங்கே தோட்டங்களில் பறிக்கப்படுகிறது. அப்போது யாராவது மலைக்கு வந்தால் உலர்ந்த மிளகில் அரைக் கிலோ வாங்கிச் செல்லுங்கள், வருஷத்துக்கே போதும். மற்றபடி மளிகை வாங்க மலைக்கு வர வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருகிற பருப்புக்கும் எண்ணெய்க்கும் ஏற்றுக்கூலி சேர்ந்துவிடுவதால் நாங்களே சேலத்தில்தான் வாங்குகிறோம்.

சௌசௌ காய் சீசனில் இங்கு வீட்டுக்கு வீடு காய்த்துக் கிடக்கும். சேலம் சந்தையிலும் மலிவாகவே விற்கும். அதன் தோலைச் சீவி எறியாமல், உளுத்தம் பருப்பும் மிளகாயும் வறுத்துச் சேர்த்துத் துவையல் அரைத்தால் ஒரு வேளைக்குத் தொட்டுக்கொள்ள வேறு வேண்டாம்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: சூரமங்கலம் ஆசிரியை

பொறுமையாக எழுதிய மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ரேஷன் அரிசியை இட்லிக்கு ஒதுக்குவதையும், மாவு ஆட்டுவதையும், ஞாயிறு காலை உழவர் சந்தைக்குப் போவதையும் இந்த மாதமே தொடங்குகிறோம். வருஷச் சரக்கைப் பொறுத்தவரை அம்மாப்பேட்டைச் சகோதரி சொன்னதில் உள்ள நியாயம் புரிகிறது. எங்கள் பள்ளியில் உடன் பணிபுரியும் மூவரிடம் பேசினேன். நால்வரும் மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கிவைத்து, தை மாதத்தில் துவரையும் பங்குனியில் புளியும் மிளகாயும் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். கடன் தேவைப்படாது. இரண்டு ஐயங்கள் உள்ளன. பருப்பில் வண்டு விழாமல் எப்படிப் பாதுகாப்பது? மாமியாருக்காகத் தினை, சாமை வாங்குகிறோம், அது அரிசியைவிடப் பல மடங்கு விலையாகிறது. அதற்கு மாற்று உண்டா?

பதில்: அம்மாப்பேட்டை, தறிக் குடும்பம்

தினை, சாமையின் விலை இன்று ஏறிக் கிடப்பது உண்மைதான், சகோதரி. கேழ்வரகும் கம்பும் அவற்றைவிட மிகக் குறைந்த விலையில் முழுத் தானியமாகக் கிடைக்கின்றன. வாங்கி, கழுவி உலர்த்தி, அரவை மில்லில் நீங்களே கொடுத்து அரையுங்கள். சர்க்கரை நோயாளிக்குக் கூழாகக் கரைத்துக் கொடுத்தால் சர்க்கரை விரைவில் ஏறும். கீரையோ முருங்கை இலையோ சேர்த்து அடையாகத் தட்டிக் கொடுங்கள். எந்தத் தானியமானாலும் அளவு முக்கியம் என்பதால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

பதில்: செவ்வாய்ப்பேட்டை, ஓய்வுபெற்ற மண்டிக் கணக்கர்

நால்வர் சேர்ந்து வாங்குவது மிக நல்ல ஏற்பாடு. மாதந்தோறும் ஒதுக்கும் யோசனையால், கூலிக் குடும்பங்களும் வாரம் ஒரு சிறு தொகையாகச் சேர்த்துக்கூட இதைச் செய்ய முடியும். அம்மாப்பேட்டைச் சகோதரி இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பருப்பை வாங்கிய வாரத்திலேயே இரண்டு நாள் நல்ல வெயிலில் பரப்பி உலர்த்துங்கள். மாலையில் எடுத்து, முழுவதும் ஆறிய பிறகே டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். மாதச் செலவுக்கு வேண்டியதைத் தனியே எடுத்துவிட்டு, மீதிக்குக் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் வீதம் கையில் தடவி, ஒவ்வொரு மணியிலும் மினுமினுப்புத் தெரியும்படி பிசிறி, மறுபடி ஒரு மணி நேரம் வெயில் காட்டி அடையுங்கள். சமைக்கும்போது வெந்நீரில் ஒருமுறை அலசினால் எண்ணெய் வாடை இருக்காது. புளியைக் கொட்டையும் நாரும் எடுத்து உலர்த்தி, கல்லுப்பை இடையிடையே தூவி, மண் பானையிலோ பீங்கான் ஜாடியிலோ அழுத்தி வையுங்கள். இரும்பு, அலுமினியப் பாத்திரங்களைப் புளி அரித்துவிடும். மிளகாயைச் சருகுபோல் காயவிட்டுக் காம்போடு வைத்தால் வண்டு குறைவு. உளுந்தை மட்டும் வருஷத்துக்கு வாங்காதீர்கள். பழகப் பழக உபரி குறைந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக வாங்குவதே சரி.